கோடை விடுமுறையும் நான்-டீடெயில் புத்தகமும்

பள்ளி இறுதியாண்டு மாணவர் ஓர் ஆங்கிலக் கதையைத் தாமே படித்து, அதைப் பற்றித் தம் சொற்களில் எழுதும் பழக்கம் தமிழ்நாட்டில் ‘நான்-டீடெயில்’ எனப்படும் துணைப்பாட நூலைச் சார்ந்தே வளர்ந்தது. உரைநடையையும் செய்யுளையும் ஆசிரியர் வரிவரியாக விளக்குவார். துணைப்பாடத்தில் கதைப்போக்கு பிடிபட்டால் போதும். அதை மாணவர் வீட்டிலோ விடுமுறையிலோ படித்துக்கொள்ளலாம்.

சென்னை மாகாணத்தில் பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேஷன் தேர்வுக்கு மாற்றாக 1911இல் எஸ்.எஸ்.எல்.சி. வந்தது. துணைப்பாடத்துக்கான வலுவான வாதம் அடுத்த பத்தாண்டில் வங்காளத்தில் எழுந்தது. டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி முதல்வர் மைக்கேல் வெஸ்ட், இந்தியப் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பேச்சைவிட வாசிப்பே எளிதில் கைகூடும், பள்ளியைப் பாதியில் விட்டவருக்கும் அதுவே பயன்படும் என்றார். புதுச் சொற்களை அளந்து தரும் அவருடைய வாசிப்பு நூல்களை லாங்மன்ஸ் வெளியிட்டது. டிக்கன்ஸும் ஸ்டீவன்சனும் சுருக்கப் பதிப்புகளாகப் பள்ளிக்கு வந்தது இந்த வழியில்தான்.

விருத்தாசலம் போன்ற ஊர்களுக்கு இந்த வாதம் மிகவும் பொருந்தும். மணிமுத்தாற்றங்கரையில் பழமலைநாதர் கோயிலும், சூளைகளும், பீங்கான் பொம்மைத் தொழிலும், ரயில் சந்திப்புமாக அமைந்த ஊர் அது. சுற்றுக் கிராமங்களிலிருந்து வரும் மாணவர்களில் பலர் தம் குடும்பத்தில் முதலாவதாகப் படிப்பவர்கள். வீட்டில் ஆங்கிலம் காதில் விழாத பிள்ளைக்கு அச்சில் இருக்கும் கதையே துணை.

ஆனால் தேர்வு அந்தத் துணையை மாற்றிவிட்டது. 1978இல் பிளஸ் டூ வந்து, கல்லூரியிலிருந்த பி.யு.சி. மறைந்தது, பள்ளி இறுதியாண்டு பதினொன்றிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புக்கு நகர்ந்தது. ஆங்கிலத்துக்கு இரண்டு தாள்கள். துணைப்பாடம் இரண்டாம் தாளில் இடம்பெற்றது. கலைத்துப் போட்ட வாக்கியங்களைக் கதை வரிசைப்படி அடுக்குவது, தரப்பட்ட குறிப்புகளை விரித்துக் கட்டுரை எழுதுவது என்று கேள்விகள் இறுகின. கதையைப் படிக்காமலே நோட்ஸை மனப்பாடம் செய்து இவற்றை எழுதிவிட முடிந்தது. எழுதப்படும் பதில் வாசிப்பின் விளைவாக இருக்க வேண்டும். இங்கே அது வாசிப்பையே தேவையற்றதாக்கியது.

கோடை பறிபோனதற்குக் காரணம் வேறு. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகள் பலவற்றில் இறுதியாண்டு ஆங்கில மாணவர்களுக்கு விடுமுறைக்கு முன் நூல்களைச் சொல்லி, பள்ளி திறந்ததும் அவற்றைப் பற்றிய கட்டுரையை வாங்குகிறார்கள். தமிழ்நாட்டிலோ பொறியியல், மருத்துவச் சேர்க்கைக்கான கட்-ஆஃப் கணக்கில் ஆங்கில மதிப்பெண் சேரவில்லை. பிளஸ் ஒன் முடிந்த மே மாதத்தைக் கணிதத்துக்கும் அறிவியலுக்குமான சிறப்பு வகுப்புகள் எடுத்துக்கொண்டன. 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டம் இந்தியாவிலேயே முன்னோடியானது; அதன் வழியே சிற்றூர்களுக்கும் நூலகங்கள் கிடைத்தன. ஆயினும் விடுமுறையில் அங்கே போய்ப் படித்ததை எழுதிக் காட்டப் பாடத்திட்டத்தில் இடம் ஒதுக்கப்படவில்லை. இது பெரிய இழப்பு.

2018–19 கல்வியாண்டில் இரண்டு தாள்களும் ஒன்றாயின. 2019இல் வந்த பன்னிரண்டாம் வகுப்புப் புதிய நூலின் துணைப்பாடத்தில் டால்ஸ்டாயும் ரே பிராட்பரியும் இடம்பெற்றார்கள். உரைநடைப் பகுதியில் கி. ராஜநாராயணனின் ‘நாற்காலி’ ஆங்கிலத்தில் வந்தது. நல்ல தேர்வு இது. கதை நடக்கும் வீடும் அதன் மனிதர்களும் மாணவருக்குப் பழக்கம் என்பதால், நோட்ஸ் இல்லாமலே சொல்வதற்கு அவரிடம் ஏதாவது இருக்கும்.

விருத்தாசலத்து மாணவருக்கு இன்னும் அருகிலேயே ஒரு நூல் உண்டு. அவ்வூரில் வாழும் இமையம் பள்ளி ஆசிரியராக இருந்தவர். ‘செல்லாத பணம்’ நாவலுக்காக 2020ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். 1994இல் வந்த அவருடைய ‘கோவேறு கழுதைகள்’ லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் மொழிபெயர்ப்பில் 2001 முதல் ஆங்கிலத்திலும் கிடைக்கிறது. தமிழையும் ஆங்கிலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு மே மாதத்தில் படித்து முடிக்கலாம்.