இமயம் கடக்கும் வாத்தும் பல கை எழுதிய கட்டுரையும்

வலசை போகும் நீர்ப்பறவை ஒன்று முட்டையிடும் ஏரியும் குளிர்காலத்தைக் கழிக்கும் ஏரியும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில், பெரும்பாலும் வெவ்வேறு நாடுகளில் இருப்பதால், அதன் வாழ்க்கை முழுவதையும் தனியொருவர் கண்டு எழுதுவது எக்காலத்திலும் இயலாததாகவே இருந்துவந்துள்ளது. அத்தகைய பறவையைப் பற்றிக் கலைக்களஞ்சியத்தில் காணப்படும் பத்தி, எழுதியவர் பெயர் ஒன்றே ஆனாலும், பலர் கண்டதையும் கேட்டதையும் கோத்துக் கட்டியதுதான். வெண்ணிறத் தலையில் இரண்டு கரிய பட்டைகளைக் கொண்ட வரித்தலை வாத்து இதற்குத் தக்க சான்றாகும். மங்கோலியா, திபெத், சீனாவின் சிங்காய் மாகாணம், லடாக் ஆகிய பகுதிகளின் மேட்டுநில ஏரிகளில் குஞ்சு பொரித்து, பனி தொடங்கியதும் இமயத்தைக் கடந்து இந்தியச் சமவெளிகளுக்கும், தெற்கே திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளம் வரைக்கும் வரும் இப்பறவைக்கு, ஜான் லேதம் 1790-இல் அறிவியல் பெயர் சூட்டினார். அதன் பிறகு சேர்ந்த செய்திகளின் வரலாறு, பறவையின் வரலாறாக இருப்பதைக் காட்டிலும் செய்தி சேர்க்கும் வழக்கத்தின் வரலாறாகவே இருக்கிறது.

அவ்வழக்கம் ஒழுங்குபெற்றது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் பேராசிரியர் ஆல்பிரட் நியூட்டன், பிரித்தானிய அறிவியல் முன்னேற்றக் கழகம் 1880-இல் அமைத்த வலசைக் குழுவில் முன்னின்று, பிரித்தானியத் தீவுகளைச் சுற்றியுள்ள கலங்கரை விளக்கங்களுக்கும் விளக்குக் கப்பல்களுக்கும் அச்சிட்ட படிவங்கள் அனுப்பப்படக் காரணமாக இருந்தவர்களில் ஒருவர். எந்த இரவில், எந்தத் திசையிலிருந்து, எத்தகைய காற்றில் பறவைகள் வந்தன என்பதை விளக்குக் காவலர்கள் அப்படிவங்களில் நிரப்பினர்; விளக்கின் கண்ணாடியில் மோதி இறந்த பறவையின் பெயர் தெரியாதபோது, அதன் ஓர் இறக்கையையும் ஒரு காலையும் வெட்டி உறையிலிட்டு அனுப்பினர். பறவையியல் படித்திராத, சம்பளத்துக்கு விளக்கேற்றும் மனிதர்கள் எழுதியனுப்பிய இத்தாள்களை வில்லியம் ஈகிள் கிளார்க் தொகுத்துச் சாரமாக்கி 1896-இல் வெளியிட்டார். இதே நியூட்டன்தான் பிரித்தானிக்கா கலைக்களஞ்சியத்தின் ஒன்பதாம் பதிப்புக்குப் பறவைக் கட்டுரைகளை எழுதியவர். அக்கட்டுரைகளை விரித்துத் திருத்தியே 1893 முதல் 1896 வரை பறவை அகராதி ஒன்றையும் வெளியிட்டார்.

இந்தியாவில் இப்பணியைத் தன் கையில் எடுத்தவர், பின்னர் காங்கிரஸ் கட்சியைத் தோற்றுவித்தவர்களில் ஒருவராகத் தமிழ் வாசகர்கள் அறிந்த ஆலன் ஆக்டேவியன் ஹியூம். 1870-களின் தொடக்கத்தில் அவர் தொடங்கிய ‘ஸ்ட்ரே ஃபெதர்ஸ்’ என்னும் பறவையியல் இதழுக்கு, வனத்துறையினர், படை அதிகாரிகள், மருத்துவர்கள், தோட்ட முதலாளிகள் எனப் பலரும் தத்தம் மாவட்டத்துச் செய்திகளை எழுதியனுப்பினர். வாத்துகளும் அடங்கிய வேட்டைப் பறவைகள் பற்றி மார்ஷல் என்பவருடன் இணைந்து அவர் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட நூலும் இந்தக் கடிதப் போக்குவரத்தின் பயனே. ஆனால் 1880-களின் நடுவில், சிம்லா வீட்டில் அவர் இல்லாத சமயத்தில், பல்லாண்டு உழைப்பில் சேர்ந்த கையெழுத்துப் படிகளை ஒரு பணியாள் கடைவீதியில் பழைய தாளாக எடைக்கு விற்றுவிட்டார். மனம் உடைந்த ஹியூம் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட தம் பறவைத் தோல்களையும் முட்டைகளையும் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்கு வழங்கிவிட்டுப் பறவையியலிலிருந்து ஏறக்குறைய விலகினார். பலரிடமிருந்து திரட்டிய அறிவை ஒரே வீட்டின் ஒரே அறையில் பூட்டி வைத்ததால் நேர்ந்த இந்த இழப்புக்குப் பணியாளை மட்டும் பழிப்பது நியாயமாகாது.

இருபதாம் நூற்றாண்டில் கடிதத்தின் இடத்தை வளையம் பிடித்தது. டென்மார்க்கில் 1899-இல் கிறிஸ்டியன் மார்ட்டென்சன், எண் பொறித்த அலுமினிய வளையத்தைப் பறவையின் காலில் மாட்டி விடும் முறையைத் தொடங்கினார். மறுமுறை அப்பறவை எங்கே பிடிபடுகிறது என்பதைக் கொண்டு அதன் பயணத்தை அறியலாம். சாலிம் அலியின் தலைமையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இதைப் பேரளவில் செய்யத் தொடங்கியது 1959 வாக்கில். அதற்குப் பணம் வந்த வழி சற்று வியப்பானது. 1957-இல் கர்நாடகத்தின் கியாசனூர்க் காட்டில் உண்ணி வழிப் பரவும் காய்ச்சல் தோன்றியபோது, அந்நோய்க் கிருமியை வலசைப் பறவைகள் வடக்கிலிருந்து சுமந்து வந்திருக்குமோ என்ற ஐயத்தில் உலக சுகாதார நிறுவனம் அளித்த நிதியே இந்திய வலசை ஆய்வுக்கு வித்திட்டது. பிற்காலத்தில் மங்கோலியாவில் வரித்தலை வாத்துகளின் கழுத்தில், பிடிக்காமலேயே தொலைநோக்கியால் படிக்கத்தக்க எழுத்துப் பட்டைகள் மாட்டப்பட்டன. அவற்றைத் தென்னிந்திய ஏரிகளில் கண்டு படித்துச் சொன்னவர்களால் பயணத்தின் இரு முனைகளும் இணைந்தன.

2001 ஜனவரி 15 அன்று தொடங்கிய விக்கிப்பீடியா, யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய கலைக்களஞ்சியம். அதன் ஆங்கிலப் பதிப்பு, காப்புரிமை காலாவதியான 1911-ஆம் ஆண்டுப் பிரித்தானிக்காவிலிருந்து ஏராளமான பகுதிகளைத் தொடக்கத்தில் எடுத்துக்கொண்டது; தமிழ்ப் பதிப்பு 2003-இல் தோன்றியது. ஹியூமுக்கு நேர்ந்தது இங்கே நேர வழியில்லை, ஏனெனில் ஒவ்வொரு திருத்தமும் முந்தைய வடிவத்தோடு கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தில் தங்கிவிடுகிறது. ஆயினும் நியூட்டனின் முறைக்கும் இதற்கும் அடிப்படையான முரண் ஒன்று உண்டு. கலங்கரை விளக்கக் காவலர் தாம் கண்டதை அப்படியே எழுதினார். விக்கிப்பீடியாவிலோ எழுதுபவர் தாம் கண்டதை எழுதக்கூடாது, வேறெங்காவது நம்பகமாக அச்சேறிய செய்தியையே சான்றுடன் எழுத வேண்டும். சொந்த ஆய்வு கூடாது என்னும் இவ்விதி முதற்பார்வைக்கு மூடத்தனமாகத் தோன்றினாலும், எழுதுபவர் யாரென்றே தெரியாத இடத்தில் சொல்லுக்குப் பிணையாக நிற்கக்கூடியது சான்று ஒன்றே என்பதை நோக்க, வேறு வழி இருந்திருக்க முடியாது.

இவ்விதியின் பயனை வரித்தலை வாத்தின் பறக்கும் உயரம் பற்றிய செய்தியில் காணலாம். எவரெஸ்ட் சிகரத்துக்கும் மேலே பறக்கும் பறவை என்று பாடநூல்களும் வினாடி வினாத் தொகுப்புகளும் அரை நூற்றாண்டுக் காலம் இதைப் புகழ்ந்துவந்தன. அப்புகழின் வேரைத் தேடினால் கிடைப்பவை இரண்டு. 1954-இல் மக்காலு மலைக்குச் சென்ற அமெரிக்கப் பயணக் குழுவின் உயிரியலாளர் லாரன்ஸ் ஸ்வான், பாருன் பனியாற்றுப் பகுதியில் ஓர் இரவு, தலைக்கு வெகு மேலே வாத்துகள் குரலெழுப்பிச் செல்வதைக் கேட்டார். இருளில் பறவைகளைக் காணவில்லை, உயரத்தை அளக்க வழியுமில்லை. மற்றது, 1953-ஆம் ஆண்டு எவரெஸ்ட் குழுவில் இருந்த ஜார்ஜ் லோ சிகரத்தின் மேலே வாத்துகளைக் கண்டதாகப் பிறர் வழியாக வந்த செய்தி. ஒருவர் கேட்டதும் ஒருவர் சொன்னதாகச் சொல்லப்பட்டதும் சேர்ந்து, நூலிலிருந்து நூலுக்குப் பெயர்த்தெழுதப்பட்டுக் கேள்விக்கு அப்பாற்பட்ட உண்மையாகிவிட்டன.

செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும் கருவிகளைப் பறவையின் முதுகில் பொருத்த இயன்ற பின்னரே இதைச் சோதிக்க முடிந்தது. லூசி ஹாக்ஸும் உடன் ஆய்வாளர்களும் 91 வாத்துகளைப் பின்தொடர்ந்து 2012-இல் வெளியிட்ட ஆய்வின்படி, பதிவான மிகப்பெரும் உயரம் 7,290 மீட்டர். கிடைத்த இருப்பிடங்களில் 95 விழுக்காடு 5,489 மீட்டருக்குக் கீழேயே இருந்தன. வாத்துகள் சிகரங்களைத் தாண்டாமல் பள்ளத்தாக்குகளின் வழியாக, நேர்வழியைவிட 112 கிலோமீட்டர் சுற்றிச் சென்றன. சார்லஸ் பிஷப்பின் குழு 2015-இல் வெளியிட்ட ஆய்வு, இதயத் துடிப்பையும் பதிந்து இதன் காரணத்தை விளக்கியது: காற்று அடர்த்தி குறைந்த உயரத்தில் தொடர்ந்து பறப்பதைவிட, நிலத்தின் ஏற்ற இறக்கத்தை ஒட்டி ஏறி இறங்கிப் பறப்பதே வாத்துக்கு ஆற்றல் செலவு குறைந்த வழி. குருதியில் உயிர்வளியைச் சுமக்கும் ஈமோகுளோபினில் ஓர் அமினோ அமிலம் மாறியிருப்பதால் மெல்லிய காற்றிலிருந்தும் அதை எளிதில் கவர முடிகிறது என்பது முன்பே அறியப்பட்டிருந்தது. அச்செய்திக்குச் சேதமில்லை, எவரெஸ்ட்டுக்குத்தான் சேதம்.

இத்தகைய கட்டுரையை மேம்படுத்துவது என்பது புதிய வியப்புகளைச் சேர்ப்பதாகவே பலரால் கருதப்படுகிறது. உண்மையில் பெரும்பகுதி வேலை, இருக்கும் வாக்கியத்தின் பின்னால் நிற்பவர் யார் என்று கண்டுபிடிப்பதே. ஆங்கில விக்கிப்பீடியாக் கட்டுரையில் எவரெஸ்ட்டுச் செய்தி நீக்கப்படாமல், சரிபார்க்கப்படாத செவிவழிச் செய்தி என்ற அடையாளத்தோடு இடம்பெற்றது. நீக்கியிருந்தால் அடுத்த மாதமே நல்லெண்ணம் கொண்ட யாரேனும் ஒருவர் பாடநூலைச் சான்று காட்டி மீண்டும் சேர்த்திருப்பார் என்பதை எண்ணும்போது, அது சரியான முடிவாகவே படுகிறது.

உயரத்தைப் போல எளிதில் தீராத பகுதிகளும் உண்டு. 2005-இல் சிங்காய் ஏரியில் எச்5என்1 பறவைக் காய்ச்சலால் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பறவைகள் மடிந்தன. அவற்றுள் பெருந்தொகையானவை வரித்தலை வாத்துகள். நோயை நெடுந்தொலைவுக்குக் கொண்டுசென்றவை வலசைப் பறவைகளா, கோழி வணிகமா என்பதில் ஆய்வாளர்கள் பிளவுபட்டனர். கட்டுரை ஒரு பக்கம் சாயாமல் இரு தரப்பையும் அவரவர் சான்றோடு தாங்கி நிற்க வேண்டியுள்ளது. எண்ணிக்கை பற்றிய பகுதியோ 1987 முதல் ஜனவரிதோறும் தன்னார்வலர்கள் ஏரிக்கரைகளில் நின்று எடுக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு போன்றவற்றை நம்பியுள்ளது. கூந்தன்குளத்துக் கரையில் நிற்பவர் தாம் எண்ணிய வாத்துகளை நேரடியாகக் கட்டுரையில் எழுத இயலாது. அவர் ஒப்படைத்த படிவம் தொகுக்கப்பட்டு அச்சேறிய பின், அதே எண்ணை வேறொருவர், பெரும்பாலும் அவரை அறியாத ஒருவர், சான்றுடன் சேர்க்கிறார்.