கலயத்தில் சுண்ணாம்பு

பங்குனி மாதத்தில் ஒரு நாள், கவிதை எழுதுகிற இளைஞர் ஒருவர் பாளையங்கோட்டையில் என்னைப் பார்க்க வந்திருந்தார். கொண்டுவந்த கவிதைகளை மேஜை மேல் வைத்துவிட்டு, சற்றுத் தயங்கி, "அண்ணாச்சி, குடிச்சுப் பழகணும்னா எதுல ஆரம்பிக்கது?" என்று கேட்டார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஔவையாரே குடிச்சிருக்காள்லா" என்று சேர்த்துக்கொண்டார்.

கேள்வி அசட்டுத்தனமானது என்று எனக்குத் தோன்றவில்லை. சங்கீதத்துக்கும் சாப்பாட்டுக்கும் ஆரம்பப் பாடம் இருப்பதுபோல் இதற்கும் இருந்திருக்க வேண்டும். ஆனால் நம் ஜில்லாவில் இந்தக் கேள்விக்குச் சரித்திரத்தைத் தொடாமல் பதில் சொல்ல முடியாது.

முதலில் ஔவை. அதியமான் இறந்தபின் அவள் பாடிய புறநானூற்றுப் பாடலைக் குடிக்குச் சிபாரிசுக் கடிதமாகக் காட்டுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. கள் கொஞ்சமாக இருந்தால் அவன் அதை எங்களுக்கே தந்துவிடுவான், நிறைய இருந்தால் நாங்கள் பாட அவனும் சேர்ந்து குடிப்பான் என்கிறாள். அவள் இழந்தது கள்ளை அல்ல. அளவு பார்த்துப் பங்கிடத் தெரிந்த ஒருவனை இழந்திருக்கிறாள்.

சங்கப் பாடல்களில் இந்த வஸ்துவுக்கு எத்தனை பெயர்கள்! கள், நறவு, தேறல், தோப்பி, மட்டு, பிழி. எல்லாம் ஒன்றல்ல. தெளிந்தது தேறல். நெல்லிலிருந்து வீட்டில் ஆக்கியது தோப்பி. அரிசிக் களியை ஆறவைத்து, முளைத் தானிய மாவைக் கலந்து, சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் ஊறவிடும் முறையைப் பெரும்பாணாற்றுப்படை ஒரு சமையல் குறிப்பின் நிதானத்தோடு சொல்கிறது. மூங்கில் குழாயில் முதிர்ந்த தேன் மது மலைபடுகடாத்தில் வருகிறது. யவனர் கொண்டுவந்த மணமுள்ள மதுவை நக்கீரர் ஒரு பாண்டியனுக்குப் பரிந்துரைக்கிறார். எதிலிருந்து வந்தது, எவ்வளவு நாள் இருந்தது என்பது பெயரிலேயே தெரிந்திருக்கிறது. கள்ளுண்ணாமைக்கு ஒரு அதிகாரமே ஒதுக்கிய வள்ளுவர்கூட, இன்பத்துப்பாலில் காமத்தை அளக்கக் கள்ளைத்தான் அளவுகோலாக எடுக்கிறார். விலக்கியவருக்கும் வஸ்து தெரிந்திருந்தது.

இளைஞரின் இரண்டாவது கேள்வி: "பதனீரும் கள்ளும் ஒண்ணுதானா?" நம் பக்கத்தில் ஒருவர் இதைக் கேட்கும்படி ஆகிவிட்டதே என்று இருந்தது. தாமிரபரணிக் கரை காரும் பிசானமும் விளைகிற நெல் பூமி. ஆற்றை விட்டுத் தெற்கே போனால் திசையன்விளை, சாத்தான்குளம், உடன்குடி என்று செம்மணல் தேரியும் பனையும். தை மாசியில் தொடங்கி ஆடி வரை காலையும் மாலையும் பனையேறி மரம் ஏறுகிறார். பாளையை இடுக்கியால் நசுக்கி, நுனியை அரிவாளால் மெல்லச் சீவி, கலயத்தைக் கட்டிவிட்டு இறங்குகிறார். கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தால் இறங்குவது பதனீர். தடவாவிட்டால் கள். வித்தியாசம் அவ்வளவுதான். சாற்றில் உள்ள சர்க்கரையை நுண்ணுயிர்கள் தின்னத் தொடங்குவதைச் சுண்ணாம்பு தடுத்து வைக்கிறது. சுண்ணாம்பு இல்லாத சாறு மரத்திலேயே புளிக்க ஆரம்பித்துவிடும். காலையில் இனிப்பு மிஞ்சிய இளங்கள். மாலைக்குள் நூற்றுக்கு 4, 5 பங்கு சாராயச் சத்து ஏறிவிடும். பிறகு காடியாகும் வழிதான். ஆகவே கள்ளைக் குடிக்கத் தெரிவது என்றால் மணி தெரிவது. அதைப் பூட்டிவைக்க முடியாது, தூரத்துக்கு அனுப்ப முடியாது.

அதிகாரத்துக்கு இது சௌகரியப்படவில்லை. 1886இல் சென்னை ராஜதானியின் ஆப்காரிச் சட்டம் வந்தது. அதன் விளக்கப்படி, தென்னை பனையிலிருந்து இறக்கிய சாறு புளித்தாலும் புளிக்காவிட்டாலும் கள்தான். இறக்குகிற மரத்துக்கு வரி, விற்கிற கடைக்கு ஏலம். 1937 அக்டோபரில் ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கினார். போன வருமானத்துக்கு ஈடாக 1939இல் விற்பனை வரி வந்தது. 1948இல் விலக்கு ராஜதானி முழுவதற்கும் பரவியது. அதன்பின் சட்டத்துக்கும் குற்றத்துக்கும் நடுவில் நின்றது கலயத்துச் சுண்ணாம்புதான். 1971இல் கடைகள் திறந்தன, 1974க்குள் மூடின, 1981இல் மறுபடி திறந்தன. மது மொத்த வியாபாரத்துக்கு 1983இல் டாஸ்மாக் ஏற்பட்டது. 1987 ஜனவரி முதல் கள்ளுக்குத் தடை. 2003இல் சில்லறைக் கடைகளும் அரசின் கைக்கு வந்தன. இதற்கு நடுவே 1978இல் பனையை மாநில மரம் என்று அறிவித்தும் ஆயிற்று.

செங்கோட்டைக்கு அப்பால் மலையைத் தாண்டி ஆரியங்காவுப் பக்கம் இறங்கினால் கள் சட்டப்படி கிடைக்கும். 1956 வரை செங்கோட்டையும் அந்தப் பக்கத்துக்காரர்களின் ஊர்தான்.

இன்று அரசுக் கடையில் கிடைக்கும் பிராந்தியும் ரம்மும் பெரும்பாலும் கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த ஒரே சாராயத்துக்கு நிறமும் மணமும் சேர்த்தவை. நூற்றுக்கு 42.8 பங்கு. ஒரு குவார்ட்டரான 180 மில்லியில் இருக்கும் சத்து ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் கள்ளில் இருப்பது. கள் குடிக்கிறவனை வயிறு நிறுத்தும். குவார்ட்டருக்கு அந்த உபகாரம் கிடையாது. பருவமும் இல்லை, நேரமும் இல்லை. தோப்பி, தேறல், நறவு என்று பெயர் வைத்த பாஷையில் இப்போது எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சொல்: சரக்கு.

இதை வைத்துக் கள்ளுக்கடைக்குப் பொற்காலம் கொண்டாட எனக்குச் சம்மதமில்லை. பனையிலிருந்து விழுந்து இடுப்பொடிந்தவர்கள் தேரியில் ஊருக்கு ஊர் உண்டு. இறக்கிய சாற்றில் பெரும்பகுதி கருப்பட்டியாகத்தான் காய்ந்தது. அடுப்பில் கிடந்து அதைக் காய்ச்சிய பெண்களைப் பற்றி நம் இலக்கியச் சண்டைகளில் பேச்சே இல்லை. ஏறியவரைக் குடிகாரர் என்றும் தாழ்ந்தவர் என்றும் ஆற்றங்கரை சொன்னது. இடையன்குடியில் இருந்த கால்டுவெல் 1849இல் அந்த மக்களைப் பற்றி எழுதிய சிறு புத்தகத்தை அவர்கள் பிறகு கோபத்தோடு எதிர்த்தார்கள். மதுவிலக்கை வரவேற்ற பெண்கள் ஏமாளிகளும் அல்ல. இன்னொன்று: கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் 60 பேருக்கு மேல் மெத்தனால் கலந்த சாராயத்தில் செத்தார்கள். மெத்தனாலை நாக்கு கண்டுபிடிக்காது. எந்த ரசனையும் அங்கே காப்பாற்றாது.

இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். எங்கள் வட்டத்தில் ஒரு நண்பர் இருந்தார். நன்றாக எழுதினார். 42 வயதில் ஈரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தார். அவருக்கு முதல் கிளாஸை ஊற்றிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். அன்று ஔவையின் பாட்டை அவரிடம் சொன்னதும் நான்தான். அவளுடைய அளவு எங்களுக்குத் தெரியாது. பாட்டு மட்டும் தெரிந்திருந்தது.

அடுத்த ஞாயிறு அந்த இளைஞரை அழைத்துக்கொண்டு விடியுமுன் திசையன்விளைக்கு அப்பால் ஒரு விளைக்குப் போனேன். மரத்திலிருந்து இறங்கிய பெரியவர் ஓலையை மடக்கிப் பட்டை பிடித்து இருவருக்கும் பதனீர் ஊற்றினார். குளிர்ந்திருந்தது. சுண்ணாம்பு ஒரு மயிரிழை தூக்கல். இளைஞர் பட்டையின் ஓரத்தில் வாய் வைக்கத் தெரியாமல் சட்டையெல்லாம் சிந்திக்கொண்டார்.

"சுண்ணாம்பு கூடினா நாக்கு பொத்துப்போவும், கொறைஞ்சா போலீஸ் வரும்" என்று பெரியவர் சிரித்தார். "வெயில் ஏறுமுன்ன குடிச்சிரணும் தம்பி. பொறவு இது வேற சாமான்."

இளைஞர் இரண்டாவது பட்டை கேட்டு வாங்கினார். நான் அவருக்குச் சொல்ல நினைத்திருந்ததைப் பெரியவர் சொல்லிவிட்டார். அதற்கு மேல் என்னிடம் பாடம் ஒன்றும் இல்லை. பஸ்ஸில் திரும்பும்போது அவருடைய கவிதைகளைப் பற்றி மட்டும் பேசினோம்.