இரவுப் பணியும் தாதியர் கண்ணலமும்: சிங்கப்பூர்ச் சூழலில் ஓர் ஆய்வு

தேக்கா வட்டாரத்தை ஒட்டிய புக்கிட் தீமா சாலையில் உள்ள கேகே மகளிர், சிறார் மருத்துவமனையிலும், நொவீனாவில் உள்ள டான் டோக் செங் மருத்துவமனையிலும் இரவுப் பணி அன்றாட நடைமுறை. கேகேயின் முன்னோடியான கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் 1966-ஆம் ஆண்டில் மட்டும் 39,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறந்தன என்பதைக் கொண்டு, இந்நகரின் தாதியர் எவ்வளவு காலமாக இரவுகளைச் சுமந்து வருகின்றனர் என்பதை உணரலாம். இப்பணி கண்ணை என்ன செய்கிறது என்ற வினாவுக்குப் பலரும் கணினித் திரையின் நீல ஒளியையே காரணமாகக் காட்டுகின்றனர். அவ்விடை குறையுடையது என்பதும், தாதியரின் பார்வைக்கு நேரக்கூடிய பெரிய இடர் இரத்தச் சர்க்கரையின் வழியே வருகிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

உடனடியாகத் தெரியும் விளைவு கண் உலர்வு. கண்ணின் மேற்பரப்பைச் சளி, நீர், எண்ணெய் ஆகியவற்றாலான கண்ணீர்ப் படலம் என்னும் மெல்லிய பூச்சு காக்கிறது. ஓர் இரவு உறக்கமிழந்த நலமான ஆண்களிடம்கூடக் கண்ணீர்ச் சுரப்பு குறைந்து, அதன் உப்புச் செறிவு கூடி, படலம் விரைவில் உடைவதை 2014-இல் வெளிவந்த தென்கொரிய ஆய்வொன்று காட்டியது. அது சிறிய ஆய்வே. ஆயினும் கண் உலர்வு பெண்களையே, குறிப்பாக மாதவிடாய் நின்ற பின், மிகுதியாகத் தாக்குவதால், பெரும்பாலும் பெண்களைக் கொண்ட தாதியர் பணியில் அதன் முடிவைப் புறந்தள்ள இயலாது. திரையை உற்று நோக்கும்போது இமைப்பது குறைவதும் இதனுடன் சேர்கிறது. வெளியே காற்றின் ஈரம் எவ்வளவு மிகுந்திருந்தாலும், தீவிர சிகிச்சைப் பிரிவின் குளிரூட்டிய காற்று வறண்டதே. மின்விசிறியும் திறந்த சன்னலுமாக உள்ள சி வகுப்புப் படுக்கைப் பிரிவில் நிலைமை வேறு. ஆகவே எல்லா இரவுப் பணியையும் ஒன்றாக எண்ணும் ஆய்வுகள் பாதி உண்மையையே சொல்லும்.

நீல ஒளியைக் காரணமாகக் காட்டுவதற்கு உயிரியல் அடிப்படை இல்லாமலில்லை. மெலனாப்சின் என்னும் நிறமி கொண்ட விழித்திரை நரம்பணுக்கள் அவ்வொளியை உணர்ந்து, உடலின் பகலிரவுச் சுழற்சியை நெறிப்படுத்துகின்றன என்பது 2002 முதல் அறியப்பட்டதே. ஆனால் உறக்கச் சுழற்சி குலைவது வேறு, கண் களைப்பு வேறு. நீல ஒளியை வடிகட்டும் கண்ணாடிகள் திரைசார்ந்த கண் களைப்பைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்று மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் திறனாய்வு 2023-இல் முடிவுரைத்தது. அக்கண்ணாடிகளை வாங்கித் தருவது மருத்துவமனை நிருவாகங்களுக்கு எளிது. பணிச்சுழற்சி அட்டவணையைத் திருத்துவது கடினம்.

மெதுவாக வரும் இடர் இதனினும் பெரிது. ஏறத்தாழ 1,77,000 அமெரிக்கத் தாதியரிடம் நடத்தப்பட்டு 2011-இல் வெளியான ஆய்வு, சுழற்சி இரவுப் பணியில் கழித்த ஆண்டுகள் கூடக்கூட இரண்டாம் வகை நீரிழிவின் வாய்ப்பும் கூடுவதையும், அவ்வுறவில் உடல் எடைக்குப் பங்கு இருப்பதையும் கண்டது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் வெள்ளையர் என்பதால் அந்த அளவை இங்கு அப்படியே பொருத்த இயலாது. எனினும் சிங்கப்பூர் இந்தியரிடம் நீரிழிவு சீனரைவிட மிகுதி. நீரிழிவோ விழித்திரையின் நுண்குழாய்களைச் சிதைப்பது. அச்சிதைவு முற்றும்வரை பார்வை தெளிவாகவே இருக்கக்கூடும். எனவே கண் உறுத்தும் தாதி மருத்துவரை நாடுகிறார், விழித்திரை பழுதாகும் தாதி நாடுவதில்லை. மேலும், உடல்நலம் குன்றியோர் பகல் பணிக்கு மாறிவிடுவதால், இரவில் எஞ்சியோரை மட்டும் அளக்கும் கணிப்பு தீங்கைக் குறைத்தே காட்டும்.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1990-ஆம் ஆண்டு இரவுப் பணி உடன்படிக்கை, இரவில் உழைப்போர் கோரினால் கட்டணமின்றி உடல்நல மதிப்பீடு பெறும் உரிமையை வகுத்துள்ளது. அத்தகைய மதிப்பீட்டில் விழித்திரையையும் சோதிக்கத் தேவையான கருவி சிங்கப்பூரில் ஏற்கெனவே உண்டு: பலதுறை மருந்தகங்களில் எடுக்கப்படும் விழித்திரைப் படங்களைப் பயிற்சி பெற்றோர் வேறோர் இடத்திலிருந்தே ஆராயும் நீரிழிவு விழித்திரைத் திட்டம் 2010 முதல் இயங்குகிறது. நெடுங்காலம் இரவுப் பணியாற்றும் தாதியருக்கு ஆண்டுதோறும் சர்க்கரைச் சோதனையும், அதில் குறை தெரிந்தால் விழித்திரைப் படமும் அவர்கள் கேட்காமலே கிடைக்குமாறு செய்வது மருத்துவமனைகளின் கடமை.