இருபக்கச் சீப்பு

காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தபோது, சீப்புக்கு 'பேஞ்' என்று வாத்தியார் சொல்வார். எங்கள் காதில் அது 'பேன்' என்றே விழும். வகுப்பே சிரிக்கும்.

அந்தச் சிரிப்புக்கும் ஒரு சரித்திரம் உண்டு. இஸ்ரேலில் லாகிஷ் என்ற பழைய நகரத்தில் 2016-இல் ஒரு தந்தச் சீப்பு கிடைத்தது. வயது சுமார் 3,700 ஆண்டுகள், நீளம் 3.5 சென்டிமீட்டர்தான். அதில் கீறியிருந்த 17 எழுத்துகளைப் படித்து 2022-இல் வெளியிட்டார்கள். தலையிலும் தாடியிலும் உள்ள பேன் ஒழிய வேண்டும் என்ற வேண்டுதல்! ஒரு பக்கம் சிக்கெடுக்க 6 தடித்த பற்கள். மறுபக்கம் பேனெடுக்க 14 நெருக்கமான பற்கள். நம் கீழடியிலும் தந்தச் சீப்பு கிடைத்திருக்கிறது.

வேலைக்கு வந்த நாகர்கோவிலிலேயே பெண் எடுத்தேன். மாமியார் வைத்திருந்த மரச்சீப்பும் இதே இருபக்கச் சீப்புதான். அப்போது அதை நான் கவனித்ததில்லை.

போன வருஷம் மனைவிக்கு வலக்கை தூக்க வராமல் போனது. மெல்லிய, நீண்ட முடி அவளுக்கு. நானே வாரிவிட்டேன். நெருக்கப்பல்லால் உச்சியிலிருந்து இழுத்ததில் முடி கொத்தாக வந்தது. அவள் கண் கலங்கியது.

"முதல்ல அகலப் பல்லு. நுனியில இருந்து கொஞ்சம் கொஞ்சமா மேல வாங்க. முடிய நடுவுல கையால பிடிச்சுக்கிடுங்க" என்றாள்.

உச்சியிலிருந்து இழுத்தால் சிக்கு கீழிறங்கி இறுகும். மெல்லிய முடி அறுந்துவிடும். நெருக்கப்பல் கடைசியில்தான்.

35 வருஷம் கோப்புக் கட்டுகளைப் பிரித்த நான், இதை எழுபதுக்கு மேல் கற்றேன். இப்போது சீப்பில் வரும் முடி குறைவு. அவளும் முகம் சுளிப்பதில்லை.