ஹைலு மெர்ஜியா: டாக்ஸிக்குள் ஓர் இசைக்கலைஞர்

1974 புரட்சிக்குப் பின் அடிஸ் அபாபாவில் இரவு ஊரடங்கு நிலவியது. ஹில்டன் ஓட்டலுக்கு வந்த ரசிகர்கள் விடியும்வரை வெளியேற இயலாது. வாலியாஸ் குழுவும் விடிய விடிய வாசித்தது. அக்குழுவின் ஆர்கன் கலைஞர் ஹைலு மெர்ஜியா. எத்தியோப்பிய ஐந்து சுர முறையை ஜாஸ்-ஃபங்க் தாளத்தில் அமர்த்திய அவர்களுடைய 'சே பெலேவ்' 1977இல் வெளிவந்தது.

1981இல் அமெரிக்கா சென்ற ஹைலு அங்கேயே தங்கினார். 1985இல் அக்கார்டியனும் சிந்தசைசரும் கொண்டு தனியாளாக ஒரு கேசட் பதிந்தார். பின்னர் வாஷிங்டனில் டாக்ஸி ஓட்டினார்; பயணிகளுக்காகக் காத்திருக்கையில் வண்டிக்குள்ளேயே பேட்டரிக் கீபோர்டில் பயின்றார்.

பழைய ஆப்பிரிக்கக் கேசட்டுகளைத் தேடிச் சேர்க்கும் பிரையன் ஷிம்கோவிட்ஸ் அக்கேசட்டை எத்தியோப்பியாவில் கண்டெடுத்து, 2013இல் மறுவெளியீடு செய்தார். உலக மேடைகள் அழைத்தன. 2018இல் 'லாலா பெலு' வந்தது. கேட்பாரற்ற ஆண்டுகளிலும் பயிற்சியைக் கைவிடாததால்தான், அழைப்பு வந்தபோது அவ்விரல்கள் ஆயத்தமாக இருந்தன என நாம் கருதுகிறோம்.