தமிழ்நாட்டில் நரம்பியல் அறுவை மருத்துவம்: வரலாறும் வருங்காலமும்

மூளை, தண்டுவடம், அவற்றிலிருந்து பிரியும் நரம்புகள் ஆகியவற்றில் ஏற்படும் நோய்களுக்கும் காயங்களுக்கும் அறுவை சிகிச்சை அளிக்கும் துறை நரம்பியல் அறுவை மருத்துவம் எனப்படுகிறது. இந்தியாவில் இத்துறை முறையாக வேரூன்றியது இன்றைய தமிழ்நாட்டில்தான். 1949இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும், 1950இல் சென்னை அரசு பொது மருத்துவமனையிலும் இதற்கெனத் தனித் துறைகள் தொடங்கப்பட்டன. முன்னது திருச்சபைகளின் ஆதரவில் வளர்ந்த நிறுவனம். பின்னது அரசு மருத்துவமனை. அறுவை சிகிச்சை செய்ததோடு நில்லாமல் மாணவர்களை உருவாக்கியதும், மருத்துவர்களை ஒரே சங்கத்தில் இணைத்ததுமே இவ்விரு துறைகளின் நிலைத்த பங்களிப்பு.

பின்னணி

மண்டையைத் திறந்து நோய் நீக்குவது பற்றிய கதை தமிழ் மரபில் உண்டு. அரசன் ஒருவனின் கபாலத்துக்குள் புகுந்திருந்த தேரையை, அகத்தியரின் மாணவர் நீர்ப் பாத்திரத்தைக் காட்டி வெளியே குதிக்க வைத்தார் என்றும், அதனாலேயே அவர் தேரையர் எனப் பெயர் பெற்றார் என்றும் சித்த மருத்துவ மரபு கூறும். இது வரலாற்றுச் செய்தியன்று. ஆனால் அத்தகைய சிகிச்சையைத் தமிழ் மருத்துவ மரபு கற்பனை செய்து பார்த்திருந்தது என்பதற்குச் சான்று.

நவீனத் துறையாக இது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் உருப்பெற்றது. 1887இல் லண்டனில் விக்டர் ஹார்ஸ்லி தண்டுவடக் கட்டி ஒன்றை அகற்றினார். அமெரிக்காவில் ஹார்வி குஷிங் இதைத் தனித் துறையாக வளர்த்தார். 1918இல் வால்டர் டாண்டி மூளையின் உள்ளறைகளில் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுக்கும் முறையையும், 1927இல் போர்ச்சுகலின் எகாஸ் மோனிஸ் மூளை இரத்தக் குழாய்களைப் படமெடுக்கும் முறையையும் அறிமுகப்படுத்தினர். அக்காலத்தில் இந்தியாவில் மண்டைக் காயங்களைப் பொது அறுவை மருத்துவர்களே கவனித்தனர். மூளைக்கெனப் பயிற்சி பெற்றவர்களோ, தனிப் பிரிவோ இல்லை.

வேலூர், 1949

வேலூர்த் துறையை நிறுவியவர் ஜேக்கப் சாண்டி (1910–2007). கோட்டயத்தில் பிறந்த இவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, பஹ்ரைனில் இயங்கிய மிஷன் மருத்துவமனையில் பால் ஹாரிசன் என்ற அமெரிக்க மருத்துவரிடம் பணியாற்றினார். பின்னர் வட அமெரிக்கா சென்று, கனடாவின் மான்ட்ரியல் நரம்பியல் நிறுவனத்தில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயிற்சி பெற்றார். வலிப்பு நோய்க்கான அறுவை சிகிச்சையில் பென்ஃபீல்டு உலகப் புகழ் பெற்றவர். நோயாளி விழித்திருக்கும்போதே மூளையின் மேற்பரப்பை மின்சாரத்தால் தூண்டி, பேச்சு, அசைவு, உணர்ச்சி ஆகியவற்றுக்குரிய பகுதிகளை அவர் கண்டறிந்தார்.

இந்தியா திரும்பிய சாண்டி, 1949இல் நாட்டின் முதல் நரம்பியல் அறுவை மருத்துவத் துறையை வேலூரில் தொடங்கினார். 1952இல் அங்கு வலிப்பு நோய்க்கான அறுவை சிகிச்சை செய்யப்பட்டது. 1950களின் பிற்பகுதியில் இத்துறையில் முறையான முதுநிலைப் பயிற்சியும் அங்குத் தொடங்கியது. இந்திய மருத்துவர்கள் வெளிநாடு செல்லாமலேயே நரம்பியல் அறுவை மருத்துவராகும் வழி இவ்வாறு திறந்தது. சாண்டிக்குப் பின் ஜேக்கப் ஆபிரகாம், கே. வி. மத்தாய் போன்றோர் அத்துறையை வளர்த்தனர். சாண்டிக்கு 1964இல் பத்மபூஷண் விருது வழங்கப்பட்டது.

சென்னை, 1950

சென்னையில் இத்துறையைத் தொடங்கியவர் பா. இராமமூர்த்தி (1922–2003). சீர்காழியில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற இவர், இங்கிலாந்தின் நியூகாசிலில் ரோபாதம் என்ற அறுவை மருத்துவரிடம் பயிற்சி பெற்றார். நாடு திரும்பி, 1950 அக்டோபரில் சென்னை அரசு பொது மருத்துவமனையில் நரம்பியல் அறுவை மருத்துவப் பிரிவைத் தொடங்கினார்.

அரசு மருத்துவமனையில் தொடங்கியதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. மூளைக் கட்டியுடன் வரும் விவசாயிக்கும், சாலையில் அடிபட்டு வரும் கூலித் தொழிலாளிக்கும் கட்டணமின்றிச் சிகிச்சை கிடைத்தது. அப்பிரிவு வளர்ந்து, 1970களில் சென்னை நரம்பியல் நிறுவனமாக உருவெடுத்தது. அரசுப் பணிக்குப் பின்னரும் இராமமூர்த்தி, அடையாறு தன்னார்வ நலச் சேவை மருத்துவமனையில் இருந்த ஆ. லட்சுமிபதி நரம்பியல் அறுவை மருத்துவ மையத்தில் தொடர்ந்து பணியாற்றினார். இவரும் பத்மபூஷண் விருது பெற்றவர். அப்ஹில் ஆல் தி வே என்ற தன்வரலாற்றையும் எழுதியுள்ளார்.

ஒரே சங்கம்

1951இல் இந்திய நரம்பியல் கழகம் தொடங்கப்பட்டது. நிறுவியவர்கள் நால்வர்: ஜேக்கப் சாண்டி, பா. இராமமூர்த்தி, பல்தேவ் சிங், எஸ். டி. நரசிம்மன். முதல் இருவர் அறுவை மருத்துவர்கள். மற்ற இருவர் மருந்து வழிச் சிகிச்சை அளிக்கும் நரம்பியல் மருத்துவர்கள்.

இச்சேர்க்கை தற்செயலானதன்று. மூளைக்குள் இருக்கும் கட்டியைப் படத்தில் நேரடியாகக் காண முடியாத அக்காலத்தில், நோயாளியின் கை கால் அசைவு, பார்வை, பேச்சு ஆகியவற்றைச் சோதித்தே கட்டி எங்குள்ளது என்று கணிக்க வேண்டும். அக்கணிப்பு தவறினால் மண்டையைத் தவறான இடத்தில் திறக்க நேரிடும். எனவே இரு தரப்பினரும் ஒரே மேசையில் அமர்ந்து பேசுவது நோயாளியின் உயிரோடு தொடர்புடைய தேவையாக இருந்தது. பல நாடுகளில் இரு தரப்பினருக்கும் தனித்தனிச் சங்கங்கள் அமைந்திருக்க, இந்தியாவில் அறுவை மருத்துவர், நரம்பியல் மருத்துவர், அடிப்படை அறிவியலாளர் ஆகியோர் ஒரே கழகத்தில் இணைந்தனர். நரம்பியல் மருத்துவர்களுக்கெனத் தனி அமைப்பு 1990களில்தான் உருவானது. 1989இல் உலக நரம்பியல் அறுவை மருத்துவ மாநாடு புதுதில்லியில் நடைபெற்றது.

காசநோய்க் கட்டிகள்

மேலைநாட்டுப் பாடநூல்களில் சிறிய இடமே பெற்ற ஒரு நோய், சென்னையிலும் வேலூரிலும் அன்றாடச் சிக்கலாக இருந்தது. மூளைக் கட்டி என்று அறுவை சிகிச்சைக்கு வந்தவர்களில் கணிசமானோருக்கு இருந்தது புற்றுநோயன்று. காசநோய்க் கிருமியால் உண்டான கட்டி. அதை அகற்றும்போது கிருமி மூளை உறைக்குப் பரவினால், மூளை உறைக் காசநோய் ஏற்பட்டு நோயாளி இறக்கும் அபாயம் இருந்தது. ஸ்ட்ரெப்டோமைசின், ஐசோநியாசிட் போன்ற மருந்துகள் வந்தபின் அந்த அபாயம் குறைந்தது. சி.டி. ஸ்கேன் வந்தபின், மருந்தினால் கட்டி சுருங்குவதை வாரக்கணக்கில் கண்காணிக்க முடிந்தது. பலருக்கு அறுவை சிகிச்சையே தேவைப்படவில்லை. இக்கட்டிகள் பற்றிய அறிவுக்குச் சென்னை, வேலூர் மருத்துவர்களின் கட்டுரைகள் முக்கியப் பங்களித்தன.

ஆழ்மூளை சிகிச்சையும் ஒரு விவாதமும்

மூளையின் ஆழத்திலுள்ள ஒரு புள்ளியை, தலையில் பொருத்திய சட்டத்தின் அளவுகளைக் கொண்டு கணக்கிட்டு, மெல்லிய ஊசியால் அடையும் முறை ஸ்டீரியோடாக்டிக் சிகிச்சை எனப்படும். மனிதர்களுக்கு இது 1947இல் அமெரிக்காவில் முதன்முறையாகச் செய்யப்பட்டது. சென்னையில் இராமமூர்த்தி, வி. பாலசுப்பிரமணியம், டி. எஸ். கனகா ஆகியோர் அடங்கிய குழு, நடுக்குவாதம், தசை இறுக்கம் போன்றவற்றுக்கு இம்முறையைப் பெருமளவில் பயன்படுத்தியது.

கட்டுக்கடங்காத நடத்தை கொண்டவர்களுக்கும், அவர்களுள் சிறுவர்களுக்கும், இக்குழு மூளையின் சில பகுதிகளைச் செயலிழக்கச் செய்யும் சிகிச்சையை அளித்து, முடிவுகளை 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெளியிட்டது. நடத்தையை மாற்றுவதற்காக மூளையில் மீளமுடியாத மாற்றம் செய்வது முறையா, ஒப்புதல் தர இயலாத நோயாளிக்காக யார் முடிவெடுப்பது என்ற கேள்விகள் உலகெங்கும் எழுந்தன. அத்தகைய சிகிச்சைகள் இன்று பெரும்பாலும் கைவிடப்பட்டுவிட்டன. இத்துறையின் சாதனைகளைப் போலவே இதுவும் அதன் வரலாற்றில் ஒரு பகுதியாகும்.

டி. எஸ். கனகா

தஞ்சாவூர் சந்தானகிருஷ்ணன் கனகா (1932–2018), ஆசியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை மருத்துவர்களில் ஒருவர். பொது அறுவை மருத்துவத்தில் பட்டம் பெற்ற பின், 1968இல் நரம்பியல் அறுவை மருத்துவத்தில் எம்.சி.எச். பட்டம் பெற்றார். அறுவை அரங்கில் பெண்ணுக்குப் பொறுப்பளிக்கத் தயங்கிய காலத்தில் அவர் இத்துறைக்கு வந்தார். இந்திய–சீனப் போரையொட்டி இராணுவ மருத்துவப் பணியிலும் இருந்தார்.

மூளைக்குள் மின்முனைகளை நிலையாகப் பொருத்தும் சிகிச்சையை இந்தியாவில் 1970களிலேயே மேற்கொண்ட முன்னோடி இவர். ஆழ்மூளைத் தூண்டல் என்ற பெயரில் அது உலகில் பரவலானது அதற்கு வெகுகாலத்துக்குப் பின்னரே. பலமுறை இரத்ததானம் செய்தவராகவும் அறியப்பட்ட கனகா, ஓய்வுக்குப் பின் தம் பெற்றோர் பெயரில் அறக்கட்டளை நிறுவி, வசதியற்றோருக்கு மருத்துவ உதவி அளித்தார்.

தலைக்காயமும் தொலைவும்

1971 அக்டோபரில் லண்டனில் முதல் நோயாளிக்குத் தலை சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டது. அதன்பின் இத்துறை முற்றிலும் மாறியது. தலைக்காயத்தில் இம்மாற்றம் தெளிவாகத் தெரியும். மண்டையோட்டுக்கும் மூளை உறைக்கும் இடையே இரத்தம் தேங்கும்போது, அடிபட்டவர் முதலில் நன்றாகப் பேசிக்கொண்டிருக்கலாம். சில மணி நேரத்தில் நினைவிழக்கலாம். இரத்தக்கட்டை உரிய நேரத்தில் அகற்றினால் பலர் முழுமையாக மீள்கின்றனர். தாமதித்தால் மூளை நசுங்கி உயிர் பிரிகிறது. இங்கு மருத்துவரின் திறமையைப் போலவே மருத்துவமனையின் தொலைவும் உயிரைத் தீர்மானிக்கிறது.

விருதுநகர் மாவட்டத்திலுள்ள ஆலங்குளத்தை எடுத்துக்கொள்ளலாம். தமிழ்நாடு சிமெண்ட்ஸ் நிறுவனத்தின் ஆலை அமைந்த இவ்வூர், சிவகாசிப் பட்டாசுத் தொழில் வட்டாரத்தை ஒட்டியது. பட்டாசு விபத்துகளில் தீக்காயமே முதன்மையானது என்றாலும், கட்டடம் இடிந்து விழுவதாலும் ஆட்கள் தூக்கியெறியப்படுவதாலும் தலைக்காயமும் நேர்கிறது. லாரிகளும் இருசக்கர வாகனங்களும் ஓடும் சாலைகளின் விபத்துகள் தனி. ஆலங்குளத்திலிருந்து மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்குச் சாலை வழியே 80 கிலோமீட்டருக்கும் மேல் செல்ல வேண்டும். மாவட்டத் தலைநகரான விருதுநகர் ஏறத்தாழ அதில் பாதித் தொலைவு.

இத்தொலைவைக் குறைக்கச் சில முயற்சிகள் நடந்துள்ளன. 108 அவசர ஊர்தித் திட்டம் தமிழ்நாட்டில் 2008இல் தொடங்கியது. சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கும் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது. விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது.

வருங்காலம்

நுண்ணோக்கி, உள்நோக்கி, கணினி வழிகாட்டல் ஆகியவை இன்று பெரிய மருத்துவமனைகளில் வழக்கமான கருவிகள். நோயாளி விழித்திருக்கும்போது கட்டியை அகற்றும் சிகிச்சையும் நடைபெறுகிறது. மூளைத் திசுவுக்கு வலி உணர்வு இல்லாததால் இது இயலுகிறது. அப்போது படங்களைக் காட்டிப் பெயர் சொல்லச் செய்து, பேச்சுக்குரிய பகுதி சேதமடையாமல் காக்கின்றனர். இச்சோதனை நோயாளியின் தாய்மொழியில் அமைய வேண்டும். தமிழில் சிந்திப்பவரைத் தமிழிலேயே கேட்க, தமிழில் அமைந்த படங்களும் சொற்பட்டியல்களும் தேவை. மொழியியல் மாணவர்களும் பங்களிக்கக்கூடிய பணி இது.

ஆயினும் புதிய கருவிகளைவிட அவசரமானது சேவையின் பரவல். தலைக்காயத்தை அடையாளம் காணும் பயிற்சி வட்டார மருத்துவமனை மருத்துவருக்கும், ஊர்திப் பணியாளருக்கும் வேண்டும். இரவிலும் ஸ்கேன் எடுக்கும் வசதியும், அப்படத்தை உடனே நிபுணருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்கும் ஏற்பாடும் வேண்டும். உயிர் பிழைத்தவர் மீண்டும் நடக்கவும் பேசவும் உதவும் மறுவாழ்வுப் பயிற்சி சொந்த ஊருக்கு அருகிலேயே கிடைக்க வேண்டும். மாவட்ட மருத்துவக் கல்லூரிகளில் நிபுணர்கள் நிலையாகப் பணிபுரியும் சூழலும் அவசியம்.

1949இல் இந்தியா முழுவதற்கும் ஒரே ஒரு துறை இருந்தது. வேலூரும் சென்னையும் உருவாக்கிய மாணவர்களும், அவர்களின் மாணவர்களும் இன்று நாட்டின் பல பகுதிகளில் பணியாற்றுகின்றனர். ஆலங்குளம் போன்ற ஊரில் அடிபட்டவர் எத்தனை மணி நேரத்தில் அவர்களுள் ஒருவரிடம் சென்று சேர்கிறார் என்பதைக் கொண்டே இத்துறையின் அடுத்த கட்ட வளர்ச்சி அளவிடப்படும்.