கே.எல். சென்ட்ரல்

கே.எல். சென்ட்ரல் என்பது கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில், பழைய இரயில்வே நிலத்தில் எழுப்பப்பெற்று 2001-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பிரதான இரயில் சந்திப்பாகும். ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கிஷோ குரோகாவா வடிவமைத்த இந்நிலையத்தில் கொமுட்டர் புறநகர் இரயில், இடிஎஸ் நெடுந்தொலைவு மின்சார இரயில், எல்ஆர்டி இலகு இரயில், விமான நிலைய விரைவு இரயில் ஆகியன சங்கமிக்க, 2014-இல் தோன்றிய நூ சென்ட்ரல் அங்காடியின் ஊடே மோனோரயிலையும், தனி நடைபாதை வழியே முஸியம் நெகாரா சுரங்க இரயில் நிலையத்தையும் அடையலாம். வெளியூர்ப் பயணிகளும் இங்கு வருவர்; சான்றாக, கெடா மாநிலத்தின் தென்கோடியிலுள்ள பண்டார் பாரு வாசிகள், கிரியான் ஆற்றைக் கடந்து, பேராக் மாநிலத்துப் பாரிட் புந்தாரில் இடிஎஸ் ஏறி இவ்விடம் சேர்வர். அங்காடியினுள் போஜனசாலைகள் பல உளவேனும், பசியாற விழையும் தமிழ்ப் பிரயாணிகளுக்கு, அணித்தேயுள்ள துன் சம்பந்தன் சாலையின் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளே உவப்பானவை எனலாம்.